முதுகைக் காட்டி எடுத்த படங்கள்

ஓர் ஊரில் அலுப்புத் தட்டினால் அடுத்த ஊருக்குப் போய்விடுவது என் வழக்கம். எட்டாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடம்தான் நான் முதலில் விட்டுவிட்டு வந்த ஊர். பிறகு தடாவில் லாரி கிளீனர், பழவேற்காட்டுப் பக்கம் இறால் பண்ணையில் காவல், நெல்லூரில் ஓட்டல் வேலை, கும்மிடிப்பூண்டியில் பெயர் மறந்துபோன இரண்டு மூன்று கம்பெனிகள். கடைசியில் திருவள்ளூர் காக்களூர் எஸ்டேட்டில், டப்பாக்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஊரடங்கு வந்து, இருந்த இடத்திலேயே உட்கார் என்றது.

கம்பெனி வாட்ச்மேன் திருத்தணிப் பக்கத்துக்காரர். அறிவிப்பு வந்த உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். முதலாளி சென்னையிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"நீ தனி ஆளுதானே? கேட் ரூம்ல தங்கிக்கோ. அரிசி பருப்புக்கு நான் ஏற்பாடு பண்றேன். ஆனா ஒண்ணு, தினமும் காலைல கேட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடணும். நீ அங்கதான் இருக்கேன்னு எனக்குத் தெரியணும் இல்ல?"

இருக்க இடமும் தின்ன அரிசியும் கிடைத்தபின் போட்டோ என்ன பெரிய காரியம். ஒரே ஒரு சிக்கல்தான். என் போன் மேல் ஒருமுறை லாரியின் பின்கதவு விழுந்திருந்தது. பின்பக்கக் கேமராவின் கண்ணாடி நொறுங்கி, எதை எடுத்தாலும் மார்கழிப் பனியில் எடுத்தது போல இருக்கும். ரிப்பேர் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஆகவே செல்ஃபி கேமராவில்தான் எடுக்க வேண்டும். கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கி, எனக்குப் பின்னால் இருப்பதைத் திரையில் பார்த்து அமுக்கினேன். கேட் விழுந்தது, கம்பெனி போர்டு விழுந்தது, ஓரத்தில் என் காதும் விழுந்தது.

முதலாளி உடனே கூப்பிட்டார். "என்னய்யா, போர்டுல எழுத்தெல்லாம் திரும்பிக் கிடக்கு? எந்த நாட்டு பாஷை இது?"

"செல்ஃபி கேமரா முதலாளி. கண்ணாடி மாதிரி திருப்பித்தான் எடுக்கும்."

"சரி சரி. காது தெரியுது பார், அது நல்லது. நீதான் எடுத்தேன்னு கேரண்டி."

இப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் கேட்டை எடுத்த பிறகு நாள் முழுவதும் செய்ய எதுவும் இல்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து பழகாத கால்கள் என்னுடையவை. கேட்டிலிருந்து எஸ்டேட் சாலை முனைவரை போவேன், திரும்புவேன். வழியில் ஏதாவது ஒன்றுக்கு முதுகைக் காட்டி ஒரு படம். தினம் ஒன்றாவது புதிதாக எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். ஷட்டர் போட்ட பட்டறைகள், எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே கூடு கட்டிய மைனா, ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தைச் சுற்றி ஏறிய கோவைக் கொடி. லாரிகள் உறுமிக்கொண்டிருந்த சாலையின் நடுவில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. அந்தப் படத்தையும் முதலாளிக்கு அனுப்பிவைத்தேன். அடுத்த நாள் அவரே கேட்டார், "இன்னிக்கு ஆடு வரலையா?" சென்னையில் மாடி வீட்டிலேயே அடைந்து கிடக்கிற மனிதர். அதற்குப் பிறகு கேட் படத்தோடு ஒரு ஆடோ மைனாவோ சேர்த்து அனுப்புவது கடமையாகிவிட்டது.

ஒருநாள் சாலை முனையில் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். "இன்னாடா, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கினு செல்ஃபி புடிக்கிற? ஊரே செத்துக்கினு கீது, உனக்கு அழகு கேக்குதா?" தோப்புக்கரணம் போட்டுவிட்டுத் திரும்பினேன். அன்றைக்குப் படம் தோப்புக்கரணத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது என்பதில் ஒரு நிம்மதி.

எங்கள் கம்பெனியின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக லைன் வீடுகள், ஒவ்வொன்றும் ஒரே அறை. எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள் குடியிருப்பவை. பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட்டார்கள். சந்தைப் பார்த்திருந்த என் அறை வாசலுக்கு நேர் எதிரே இருந்த வீட்டில் மட்டும் ஆள் இருந்தது. ஓர் இளம்பெண், கைக்குழந்தை, புருஷனின் அக்கா.

அந்தப் பெண்ணுக்குத் தாய்வீடு சூலூர்பேட்டை. பிரசவத்துக்கு அங்கே போக வேண்டியவள். ஆந்திரா எல்லையை அடைத்துவிட்டார்கள். புருஷன் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் இருந்தான். மெஷின்களைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் பேரை ஆலைக்குள்ளேயே தங்கவைத்திருந்தார்கள். வெளியே போனால் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். போனாலும் பஸ் இல்லை, ரயில் இல்லை. நூற்றெட்டு வண்டிதான் வந்து அவளைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. ஆண் குழந்தை. தகப்பன் முகத்தைக் குழந்தையும் பார்க்கவில்லை, குழந்தை முகத்தைத் தகப்பனும் பார்க்கவில்லை.

புருஷனின் அக்கா பக்கத்துப் பட்டறையில் பேக்கிங் வேலை செய்தவள். தம்பியை வளர்த்து ஆளாக்கியவளும் அவள்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாகவே இருப்பாள். ஆனால் லைனில் எல்லோருக்கும் அவள் அக்கா, ஆகவே எனக்கும் அக்கா. அவளுக்கு நான் வாட்ச்மேன்.

"யோவ் வாட்ச்மேன், ரேஷன் பருப்புல ரசம் வச்சிக்கிறேன், கிண்ணத்த எடுத்தா. சும்மா ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கினு திரியாத."

அவர்கள் வீட்டில் பட்டன் போன்தான். ஆலைக்குள் இருந்த தம்பியிடம் நல்ல போன் இருந்தது. அவன் என் நம்பரை அக்காவிடம் வாங்கி ஒருநாள் பேசினான்.

"ண்ணா, நீங்க தெனம் போட்டோ புடிக்கிறீங்களாமே? என் புள்ளைய ஒண்ணு எடுத்து அனுப்புங்கண்ணா. வீடியோ கால் இங்க சுத்திக்கினே கீதுண்ணா, வரவே மாட்டேங்குது."

நான் சந்தைக் கடந்து போய்க் கேட்டேன். அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"கூடாது. ஒரு வயசு ஆவற வரைக்கும் எங்க ஊட்டுப் புள்ளைங்கள மூஞ்சி தெரிய எடுக்கக் கூடாது."

"அப்பன்தானே கேக்கறான்?"

"அப்பன் கேட்டாலும் கூடாது, ஆண்டவன் கேட்டாலும் கூடாது."

அடுத்த நாள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, கேட்காமலேயே சொன்னாள். "எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. ஸ்டூடியோவுக்கு இட்டுக்கினு போய் எடுத்தோம். அந்த வாரமே ஜுரம் வந்து செத்துப் பூட்ச்சி. ஜுரத்துலதான் பூட்ச்சி, போட்டோவால இல்ல. எனக்கும் தெரியும் அது. இருந்தாலும் வோணாம்."

"அந்த போட்டோ?"

"வாங்கவே போவல."

தம்பிக்குப் போன் செய்து, நடக்காது என்று சொன்னேன். அவனுக்கும் அந்தக் கதை தெரியும். ஆனாலும் அவன் குரல் இறங்கிப்போனது. அது அக்காவின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள்.

"யோவ், மூஞ்சிதான் கூடாது. காலை எடுத்துக்கோ."

பிரசவமான பெண் இருக்கும் அறைக்குள் நான் போக முடியாது. நோய் பயம் வேறு. ஆனால் என் கேமராவுக்கு உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. வாசலுக்கு வெளியே, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, போனைத் தோளுக்கு மேல் தூக்கினேன். உள்ளே அந்தப் பெண் குழந்தையை மடியில் போட்டு, ஒரு காலைத் துணியிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினாள்.

"பரவால்ல, மருவாதி தெரிஞ்சவன்தான். திரும்பிக்கூடப் பாக்கல பாரு," என்றாள் அக்கா. மரியாதை ஒன்றும் இல்லை, பின்கேமரா உடைந்திருந்ததுதான். ஆனால் நான் மறுக்கவில்லை.

படம் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவன் கத்திய கத்தலில் மைனா பறந்துவிட்டது.

"ண்ணா! உள்ளங்கால்ல மச்சம் கீதுண்ணா! எனக்கும் அங்கயேதாண்ணா, இடது கால்ல. கம்பி உருண்டு வரும்போது கம்பெனி பேரு அச்சா உழுந்து வரும் பாருங்க, அத்த மாதிரிண்ணா. என் சீலுண்ணா அது!"

மனைவியைக் கூப்பிடச் சொன்னான். "அதே கால்தானே?" என்று கேட்டான். அவளுக்குத் தூக்கமில்லாத கண்கள். "ஆங், அதே காலுதான்," என்றாள். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றுவான் என்று அக்கா சொல்லிக் கவலைப்பட்டாள். அன்று சாயந்தரம் என் உள்ளங்கால்களை நான் நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான் மச்சம் இல்லாமலேயே சுற்றியிருக்கிறேன்.

அதிலிருந்து தினப்படம் அதுவாகிவிட்டது. ஆட்டுக்கும் மைனாவுக்கும் முன்னால் குழந்தை. ஒருநாள் உள்ளங்கை, ஒருநாள் முட்டி, ஒருநாள் தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒற்றைக் குதிகால். பின்னந்தலை எடுத்த அன்று, முடி தன்னுடையதைப் போலவே முள்ளாக நிற்கிறது என்று ஆலை முழுக்கக் காட்டியிருக்கிறான். காது எடுக்கலாமா என்பதில் பெரிய வழக்கு நடந்தது. காது முகத்தோடு சேர்த்தியா, தலையோடு சேர்த்தியா? ஆலையில் கட்சி பிரிந்து விவாதித்தார்களாம். கடைசியில் அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

"பின்னாடி இருந்து எடுத்தா அது காது. முன்னாடி இருந்து எடுத்தா அது மூஞ்சி."

காதுப் படம் போயிற்று. அவன் பதில் அனுப்பினான். பேசித்தான் அனுப்புவான், எழுதமாட்டான். "ண்ணா, படத்துல ரெண்டு காது கீது. ஒண்ணு என் புள்ளைது, ஒண்ணு உங்குளுது. உங்க காதைத் தெனம் பாத்துப் பாத்து எனக்கு மனப்பாடம் ஆய்ப்போச்சு. சுத்தி எல்லாத்தையும் அனுப்பிட்டீங்க, நடுவுல கீற மூஞ்சி மட்டும் இன்னும் வரல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அடுத்ததாக வந்ததில் சிரிப்பில்லை. "அக்கா தண்ணி புடிக்கப் போகும்போது ஒரே ஒரு தபா எடுங்கண்ணா. பாத்துட்டு அழிச்சுடறேன்."

பதிலுக்கு ஆட்டுப் படம் ஒன்றை அனுப்பிவைத்தேன்.

வாய்ப்பும் தானாகவே வந்தது. ஒருநாள் முதுகைக் காட்டி நின்று, குழந்தையின் கையைப் படம் எடுப்பதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா குழாயடியில் இருந்தாள். குழந்தை என்ன நினைத்ததோ, மடியில் புரண்டு தலையைத் திருப்பியது. திரை முழுக்க அதன் முகம். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு, தூக்கம் கலைந்த கோபம். என் கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் இருந்தது. உள்ளே அந்தப் பெண் அமுக்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்ப்பது போல நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம் மாறியது. வாங்கப் போகாத அந்தப் போட்டோ ஞாபகத்துக்கு வந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

அவனுக்குப் போன் செய்து, முகத்தைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"எப்டி கீறான்ணா?"

பாதி உலகத்தைச் சுற்றியவன் போலப் பேசுகிற எனக்கு அந்த நேரத்தில் வந்தது இவ்வளவுதான். "மூக்கு இருக்கு," என்றேன். "வாய் இருக்கு. நாஷ்டா வராத ஆளு மாதிரி கோவமா இருக்கான்."

அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்புச் சத்தம். "அப்போ என் ஜாடைதாண்ணா," என்றான்.

பஸ் இன்னும் ஓடவில்லை. ஆனால் ஆலைகள் மெல்லத் திறக்கத் தொடங்கின. உள்ளே அடைந்திருந்தவர்களை அவரவர் ஊர்ப்பக்கம் இறக்கிவிட ஆலையிலேயே வேன் ஏற்பாடு செய்தார்கள். ஒருநாள் முற்பகலில், தோளில் பையும் முகத்தில் மாஸ்க்குமாக அவன் சந்து முனையில் வந்து நின்றான். கால்படம் பார்த்த கண்ணால் நான் முதலில் அவன் காலைத்தான் பார்த்தேன். அவனோ என் காதைப் பார்த்து, "ண்ணா!" என்றான்.

அக்கா வாசலை மறித்து நின்றாள். "அங்கயே நில்லுடா. ஊட்டுக்குள்ள காலு வச்ச, தெரியும் சேதி. வேன்ல எவன் எவன் கூட வந்தியோ. மொதல்ல குளி. ரெண்டு வாரம் வாட்ச்மேன் ரூம்ல கெட."

குழாயடியில் துணிகளோடு சோப்புத் தண்ணீரில் குளித்தான். ஈரத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றான். நடுவில் சந்து. எதிர் வாசலில் அக்கா குழந்தையை இரண்டு கையாலும் ஏந்தி, முகம் அவனைப் பார்க்கும்படி தூக்கிக் காட்டினாள். பின்னால் நிலைப்படியில் அந்தப் பெண், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவன் பார்த்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிற ஒரு முகம் உண்டே, அது வந்தது. பிறகு குழந்தை காலை உதைத்தது. அவன் முகம் மாறியது.

"க்கா, அது எந்தக் காலு?"

"இன்னாடா?"

"மச்சம் கீற காலு. எந்தக் காலு?"

அக்கா குனிந்து பார்த்தாள். "வலது காலு."

"இடது காலாச்சேக்கா! போட்டோல இடது காலாச்சே! தெனம் பாத்தேனே!" அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஆஸ்பத்திரில புள்ள மாறிப்போச்சாக்கா?"

அந்தப் பெண் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "ஐயோ நைனா, உங்கப்பன் பேசறதக் கேட்டியா! இத்தினி நாளு கழிச்சு வந்து, புள்ளைய மாத்திட்டன்றான்!" தெலுங்கில் தொடர்ந்தாள். எனக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும், அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

"மூஞ்சியப் பாருடான்னா காலப் பாக்குற!" என்றாள் அக்கா. ஆனால் அவளும் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்த நர்சுடி குளிப்பாட்டுச்சு?" என்று கேட்டாள். பேஜார் முற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் தலைக்கு மேலே கம்பெனி போர்டு இருந்தது. எழுத்தெல்லாம் ஒழுங்காக, நேராக. எழுத்து திரும்பினால் யாருக்கும் தெரியும். முதலாளி முதல் நாளே கேட்டுவிட்டார். கால் திரும்பினால் யார் கவனிப்பார்கள்? நான் சிரிக்கத் தொடங்கினேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள்.

"உக்காரு," என்று அவனைப் படியில் உட்காரவைத்தேன். "உன் மச்சத்தைக் காட்டு."

அவன் இடது காலைத் தூக்கினான். நான் வழக்கம்போல முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தோளுக்கு மேல் போனைப் பிடித்து ஒன்று எடுத்தேன். அதை அவனிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தான். திரையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"ண்ணா, இது வலது காலு மாதிரி கீது."

"பாத்தியா? ஆஸ்பத்திரிக்குப் போகாமலேயே உன் காலும் மாறிப்போச்சு."

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். பிறகு அக்கா. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அட மண்ணாங்கட்டி வாட்ச்மேனே! ஒரு குடும்பத்தையே கலைச்சிருப்பியேய்யா!"

இரண்டு வாரமும் அவன் என் அறையில் படுத்தான். காலை மாலை சந்துக்கு இந்தப் பக்கம் நின்று குழந்தையின் முகத்தைப் பார்ப்பான். பார்க்கப் பார்க்க அவனுக்குச் சலிக்கவே இல்லை. ஆனால் பாயில் படுத்திருக்கும்போது ஒரு குறை சொல்வான்.

"மில்லு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேண்ணா, அதே காலு, அதே எடம்னு. இப்போ மாறிப்போச்சுன்னு சொன்னா சிரிப்பானுங்க."

"மச்சம் இருக்கே, போதாதா?"

"கீது. இருந்தாலும் சீலு மாறி உழுந்த மாதிரி கீதுண்ணா."

அந்த நாட்களிலும் நான் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. கேட், ஆடு, மைனாக் குஞ்சுகள், சந்தின் குறுக்கே காய்கிற குழந்தைத் துணிகளுக்குக் கீழே நிற்கிற அவன். ஒரே சந்தில் இத்தனை நாள் அலுக்காமல் நான் இருந்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஊர் மாறுவதற்குப் பதிலாகத் தினமும் முதுகை வேறொன்றுக்குக் காட்டினேன், அவ்வளவுதான்.

கெடு முடிந்த காலையில் அக்கா அவனை உள்ளே விட்டாள். வாசலுக்கு நேரே பாயை விரித்தாள். அவன் காலை நீட்டி உட்கார்ந்தான். எதிரே அந்தப் பெண் குழந்தையைத் தலையணையில் சாய்த்துப் படுக்கவைத்தாள். அவன் குழந்தையைத் தூக்கத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். குழந்தைதான் முதலில் உதைத்தது. அதன் வலது கால் நேரே போய் அவன் இடது உள்ளங்காலில் முட்டியது.

அக்கா குனிந்து பார்த்தாள். "டேய், அசையாத. எதிர்ல ஒக்காந்தா சரியாத்தாண்டா கீது. உன் மச்சத்துக்கு நேரா அவன் மச்சம்."

அவனும் காலை விலக்கிப் பார்த்தான். மறுபடி ஒட்டினான். மறுபடி விலக்கினான். ஒவ்வொரு முறையும் குழந்தை உதைத்து ஒட்டியது.

"யோவ் வாட்ச்மேன், இத்த எடு," என்றாள் அக்கா. "காலை மட்டும்."

தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று எடுத்தேன். ஒரு பெரிய உள்ளங்கால், ஒரு சின்ன உள்ளங்கால், கொஞ்சம் விலகிய நேரத்தில், மச்சத்துக்கு எதிரே மச்சம். இந்தப் படத்தை என் கேமரா எப்படித் திருப்பிப் போட்டாலும் தப்பாக வராது. அவன் போனை வாங்கிப் பார்த்தான். வாயெல்லாம் பல்லாக மனைவியிடம் நீட்டினான். அவள் அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. இந்தக் காது இல்லாம இன்னொண்ணு எடேன்."

"காது இல்லாம எனக்கு எடுக்க வராதுக்கா."

"சரி, கெடக்குது போ," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஸ்டூடியோ தொறந்தா சொல்லு. இத்த ஒண்ணு கழுவி வாங்கணும். நானே போய் வாங்கிக்கினு வர்றேன்."